பெரிய டோஸ்

பிடி இறுகிவிட்டது என்பது எலி பின்னங்காலை உதறிய பிறகுதான் ஆவுடைச்செல்விக்கு உறைத்தது. விரலைத் தளர்த்தினாள். கோபத்தோடு எலியைத் தொடாதே என்பது புதிதாக வருகிற மாணவிகளுக்கு அவள் சொல்லும் முதல் பாடம். கோபம் கையில் இறங்கும், கையிலிருந்து எலிக்கு இறங்கும், எலி தொண்டையை இறுக்கும், வாய்வழியாக மருந்து ஊற்றுகிற ஊசி உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அவ்வளவுதான், உள்ளங்கையிலேயே முடிந்துபோகும். இவ்வளவு தெரிந்தவள் காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் மாட்டினாள். பாளையங்கோட்டையைத் தாண்டி, பொட்டல் காட்டுக்கு நடுவே நிற்கிற அந்தத் தனியார் மருந்தியல் கல்லூரியின் பின்புறத்தில், ஜன்னல் இல்லாத அறை. சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் கூண்டுகள், கூண்டுக்குள் உமி, உமியின்மேல் வெள்ளை எலிகள். காற்றை வெளியே தள்ளுகிற விசிறி கரகரவென்று சுற்றுகிறது, காற்றுதான் போக மாட்டேன் என்கிறது. மேல்தட்டில் நோயில்லாத எலிகள். அதற்குக் கீழே சர்க்கரை வரவழைத்து ஒன்றும் கொடுக்காமல் விட்ட எலிகள். அடுத்து இன்சுலின் போடுகிற எலிகள். அதற்கும் கீழே பொதிகை மலைக் கொடியான கருஞ்சுருளியின் இலைச் சாறு குடிக்கிற எலிகள், சின்ன டோஸ். கடைசித் தட்டில் பெரிய டோஸ். கடைசித் தட்டைப் பார்க்காமலே மேலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் கை இன்னும் இறுகும். அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் கைடான கைலாசம் சார் பதினோரு மணிவாக்கில் ஈரோட்டுக் கம்பெனிக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். வரட்டும். வந்தால் என்ன சொல்லப் போகிறாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். வாங்க சார் என்பாள். இத்தனை வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சர்க்கரை எலிக்கூண்டின் உமி சீக்கிரம் நனைந்துவிடும். எந்நேரமும் தண்ணீர், எந்நேரமும் மூத்திரம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உலகு வந்து நின்றாள். உலகம்மை, கூடப் பிறந்த ஒரே தங்கை. ஒன்றாம் வகுப்பு படிக்கையில் பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் பாயை நனைத்தாள் உலகு. அம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். "கழுத வயசாச்சு, பாயில பெய்யுதியே, வெக்கமா இல்ல?" பாவாடையைக் கையால் பொத்திக்கொண்டு ஈரப் பாயில் நின்ற அந்தப் பிள்ளை அழவில்லை, "தாகமா இருக்கும்மா" என்றது. அடி வாங்கிக்கொண்டே தண்ணீர் கேட்டது. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது. அம்மாவுக்கு அது நோயாகப் படவில்லை, வெளியே தெரியக் கூடாத ஒரு அவமானமாகப் பட்டது. பொம்பளப் பிள்ளைக்கு ஊசி போடுகிறோம் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, அத்தைமாருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குச் சொல்லவில்லை. இப்போது கோவில்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று, அவர்களுக்கும் தெரியாது. "கல்யாணம் முடியட்டும், பெறகு மெல்லச் சொல்லிக்கிடலாம்" என்றாள் அம்மா. மெல்ல! எப்படி மெல்ல? கூண்டு மூடியைச் சாத்துகையில் படீரென்று சத்தம் வந்தது. மேல்தட்டில் தூங்கிக்கொண்டிருந்த எலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் தூங்குங்கள்.

"மாமியா வீட்டு ஃபிரிட்ஜ்ல எங்கக்கா வைப்பேன்?" அதுதான். காலையிலிருந்து அந்த ஒரு கேள்வியிலேயே அவள் மனசு சட்டை நூல் ஆணியில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு கிடந்தது. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். பூ வைத்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு உலகு இதைத்தான் கேட்டாள். தாலியைப் பற்றியோ சேலையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வெண்டக்காய்க்குப் பின்னால் வைப்பதா, மாவுச் சட்டிக்குள் வைப்பதா? சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆவுடைச்செல்வியும் சிரித்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அம்மாவின் போனில் அந்த வீடியோ வந்து இறங்கியது. கைலாசம் சார் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்துகொண்டு, 'சர்க்கரை நோய்க்கு முடிவு கட்ட நம் பொதிகை மலைக் கொடியே போதும், ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டோம்' என்கிறார். அவருக்குப் பின்னால் எலியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள். சார் நிற்கச் சொன்னார், நின்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் நிற்பதற்கும் சத்தம் உண்டு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. கடையநல்லூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள் உலகு. பின்னாடி நிக்கது எங்கக்கா என்று சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். சாரின் படம் போட்ட சூரணப் பொட்டலம் தென்காசியில் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது. ஊசியை நிறுத்திவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பானேன், அக்காதான் படத்திலேயே நிற்கிறாளே.

பக்கத்து வீட்டுப் பெண் போன் பண்ணி ஆவுடைச்செல்வி ஓடிப் போய்ப் பார்க்கும்போது உலகு வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, கட்டிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். அந்த மூச்சில் அழுகிப்போன பழத்தின் வாசம். இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிப்போனால் வருகிற அந்த வாசத்தைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், மாணவிகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறாள், ஒரு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள். கட்டிலுக்கடியில் சூரணப் பொட்டலம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, "பித்தம் ஏறிட்டு போல" என்றாள். ஆம்புலன்சில் வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை. தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே கொண்டுவந்து சாதாரண வார்டில் போட்ட அன்றைக்குத்தான் உலகுவிடம் பேச முடிந்தது. உதடு வெடித்துப்போய், கையில் குத்தின இடமெல்லாம் நீலம் பூத்துக் கிடந்தாள். "எலிக்கு மட்டும் கேக்குது, எனக்கு ஏங்கா கேக்கல?" என்றாள். திட்ட வேண்டும் என்றுதான் ஆவுடைச்செல்வி வாயைத் திறந்தாள். பாடம்தான் வந்தது. "ஏட்டி, எலிக்கு நாங்க மருந்து போட்டுக் கணையத்தப் பாதிதான் கெடுக்கோம். மீதிப் பாதி உசிரோட இருக்கும். இந்தச் சாறு அந்த மீதியப் போட்டு அடிச்சு வேல வாங்குது, அவ்வளவுதான். ஒனக்கு மீதியே இல்லட்டி. இல்லாத மாட்ட எங்கெருந்து ஏர்ல பூட்ட?" உலகு கேட்டாள்: "அப்ப முழுசாக் கெடுத்த எலி ஒங்கிட்டக் கெடையாதா?" இல்லை என்றாள். "ஏன்?" அது செத்துப் போகும், செத்துப் போனால் ஆராய்ச்சி பண்ண முடியாது என்றாள். "நல்லது" என்று சொல்லிவிட்டு உலகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊசி முனையில் குண்டுமணி மாதிரி உருண்டை இருக்கும், எலியின் தொண்டையைக் கிழிக்காமல் இருப்பதற்காக. அதைப் பச்சைச் சாற்றில் முக்கி எடுத்துத் துடைத்தாள். சின்ன டோஸ் தட்டுக்கு வந்தாயிற்று. இந்தத் தட்டு எலிகள் தேறி வருகின்றன, அதில் பொய்யில்லை. எடை கூடுகிறது, ரோமம் படிந்து மினுக்குகிறது, உமி முன்னைப்போல நனைவதில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். முழுப் பொய்யாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். கணையம் பாதி உயிரோடிருக்கிறவனுக்கு இந்த இலை ஏதோ செய்கிறது, அதை அளந்து நிறுத்திச் சொல்லியிருந்தால் நல்ல ஆராய்ச்சி. அளப்பதற்குள் அவர் வீடியோ எடுக்கப் போய்விட்டார். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அதை நினைத்தால்தான்! ஆப்பிளும் திராட்சையும் ஒரு பை நிறைய. சர்க்கரை ஏறி விழுந்து கிடக்கிற பிள்ளைக்குத் திராட்சை. பொட்டலத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "சின்ன வயசும்மா, தேறிடுவா" என்று அம்மாவைத் தேற்றினார். அம்மா எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க அமிர்தம் மாதிரி மருந்து கண்டு சொன்னிய சார், இந்த மூதேவிதான் அளவு தெரியாமக் குடிச்சிட்டா" என்றாள். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். உலகுவைப் பார்த்து, மன்னித்துவிட்ட மாதிரி. ஆவுடைச்செல்வி கட்டிலின் மறுபக்கம் நின்று அந்தத் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகுவுக்கு மஞ்சக்காமாலை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். பொய்யின் மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள், அடியில் கிடந்து அந்தப் பிள்ளை நசுங்குகிறது. நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லூரிப் பக்கத்தில் அவள் வாடகைக்கு எடுத்திருக்கிற ஒற்றை அறையில் அம்மாவும் உலகும் இருக்கிறார்கள். காலையில் கண்முன்னாலேயே ஊசி போடச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். உலகு வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்திக்கொண்டு, "போதுமா? நம்பிக்கையா?" என்று கேட்டாள். அந்தக் குரலிலும் கோபம்தான். வீடு முழுக்கக் கோபம். நல்லது, எல்லாரும் கோபமாக இருப்போம்.

வாசல் கதவு திறக்கும்போது தேறி வந்த எலிகளில் ஒன்று அவள் கையில் இருந்தது. கைலாசம் சார் முன்னால், பின்னால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தும்பைப்பூ வேட்டியில் கம்பெனிக்காரர். "வாங்க சார்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று நினைத்ததும் இல்லை, சொல்வேன் என்று நினைத்ததும் இல்லை, வாய் தானாகச் சொல்லியது. "இதுதான் நம்ம செல்வி, எல்லாம் இவங்க கைதான்" என்றார் சார். "இவர் அருள்மணி சார். சூரணத்தைப் பெரிய அளவில செய்ய முன்வந்திருக்கார். காட்டும்மா, எலிகள் எப்படிக் கொழுகொழுன்னு இருக்குன்னு." அவள் எலியின் தாடைக்கடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தலையை நிமிர்த்தி, ஊசியை வாயோரமாக விட்டாள். பேச்சுக் கொடுக்காமல் இதை முடித்துவிடலாம். சார் கம்பெனிக்காரர் பக்கம் சாய்ந்து, அவளுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நினைத்த மாதிரிச் சொன்னார்: "இவங்க தங்கச்சிகூட நம்ம மருந்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க சார். இப்ப நல்லா இருக்காங்க." அறையில் விசிறிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. நல்லா இருக்காங்க. நல்லா. வெடித்த உதடு, நீலம் பூத்த கை, அழுகின பழம். ஊசி எங்கோ தட்டியது, தட்டினால் நிறுத்த வேண்டும், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், தட்டினால் நிறுத்தி வெளியே எடு என்று. கை நிற்கவில்லை. எலி ஒரு முறை விலுக்கென்று வில்லாக வளைந்தது. மூக்கில் பச்சை நுரை வந்தது. முன்னங்கால்கள் இரண்டும் காற்றைப் பிடிக்கப் பார்த்தன. பிறகு பாரம். துணி மாதிரி ஒரு பாரம் உள்ளங்கையில்.

அவளால் எலியைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் தவறாத கை. முட்டாளே, முட்டாளே, அவரை அறைய வேண்டிய கையால் இதைக் கொன்றாயே. இது என்ன செய்தது உனக்கு, இது பாட்டுக்கு உமியில் மூக்கை நுழைத்துக்கொண்டு பிழைத்து வந்தது. முதலில் வாயைத் திறந்தவர் கைலாசம் சார்தான், குரலில் வருத்தமே இல்லை, ஒரு நிம்மதிகூட இருந்தது. "பாத்தீங்களா சார், இதைத்தான் சொன்னேன். பெரிய டோஸ்ல சில எலி செத்துச்சுன்னு கேட்டீங்களே, எல்லாம் இப்படித்தான். ஊசி தப்பினது. மருந்துக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. விடும்மா, மனசக் கஷ்டப்படுத்திக்காத, கை தவறுறது சகஜம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடப்பாவி! இந்த ஒன்றை எடுத்து அத்தனையின் தலையிலும் கட்டுகிறாயா? பெரிய டோஸ் எலிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டபோது அவளே அறுத்துப் பார்த்தாள், ஈரல் வெளுத்து, மஞ்சள் பாரித்துக் கிடந்தது. ஓடிப் போய்ச் சொன்னாள். "அந்தக் குரூப்பை விட்டுரலாம்மா, சின்ன டோஸ்தான் நமக்குத் தேவை" என்றார். விட்டுரலாம். ஏதோ பஸ்ஸை விடுகிற மாதிரி. அப்போதும் சரி சார் என்றுதான் சொன்னாள், ஆனால் விடவில்லை, தினமும் கொடுத்துக்கொண்டுதான் வந்தாள், செத்ததன் ஈரலையும் நுரையீரலையும் ஜாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று அன்றைக்குத் தெரியவில்லை. பயமாகக்கூட இருந்தது.

தட்டை இழுத்தாள். செத்த எலியை மல்லாத்தி, கத்தரியால் நெஞ்சைத் திறந்தாள். அருள்மணி ஒரு அடி பின்னால் போனார். "செல்வி, என்ன பண்ற?" என்றார் சார். அவள் நுரையீரலைக் கிள்ளிப் பிரித்துக் காட்டினாள், உள்ளேயெல்லாம் பச்சை. "ஊசி தப்பினா இப்படி இருக்கும் சார். இது நான் கொன்னது. என் தப்பு." பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஜாடிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். கண்ணாடி மேஜையில் மோதி ணங்கென்றது. ஒன்றன் பக்கத்தில் ஒன்று. "இது பெரிய டோஸ்ல செத்தது. இதுல எதுலயாவது நுரையீரல்ல ஒரு சொட்டுப் பச்சை இருந்தாக் காட்டுங்க. ஈரலைப் பாருங்க. அந்தப் பக்கம் நல்ல எலியோட ஈரலும் இருக்கு, ரெண்டையும் பாருங்க." தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மேல்தட்டு எலிகள் ஓடி மூலையில் ஒடுங்கின. அருள்மணி கைக்குட்டையை இறக்கிவிட்டு, கிட்டே வந்து குனிந்து, ஜாடிகளை நிதானமாகப் பார்த்தார். துணி வாங்குகிறவர் நூலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "இந்தப் பெரிய டோஸுங்கறது நம்ம பொட்டலத்துக்கு எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டார். "அது ரொம்ப ரொம்ப அதிகம் சார், மனுஷன் அவ்வளவு குடிக்கவே மாட்டான்" என்றார் கைலாசம். "குடிப்பாங்க" என்றாள் அவள். "எங்க தங்கச்சி குடிச்சா. ஒரு கரண்டிக்குக் கேக்கலன்னு மூணு கரண்டி போட்டுக் குடிச்சா. சீக்கிரம் குணமாகணும்னு நினைக்கிற யாரும் குடிப்பாங்க. அவ நல்லா இல்ல சார். ஐ.சி.யூ.ல கிடந்து வந்திருக்கா. ஊசியை நிறுத்தினதால கிடந்தா. இவர் திராட்சை வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனாரு."

கைலாசம் சாரின் முகம் கறுத்தது. அருள்மணி அதைக் கவனித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. நெஞ்சில் கை வைப்பார், ஐயோ என்பார் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மடத்தனமான எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. "அம்மிணி, நான் யாவாரிங்க" என்றார். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, சார் ஒண்ணு சொல்றாரு. பரிசோதனை பாதியில நிக்குது. பாதியில நிக்கறத வெச்சு ஆரு வேணாலும் எது வேணாலும் சொல்லலாமுங்க. எனக்கு முழுசா முடிஞ்ச ரிப்போர்ட் வேணும், பெரிய டோஸையும் சேத்து. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடலீங்க." சொல்லிவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். நல்லவர் இல்லை, கெட்டவரும் இல்லை, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர். அதுவே இன்றைக்கு இந்த அறைக்குள் வந்த ஒரே நியாயமாக இருந்ததை நினைக்கையில் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கைலாசம் சார் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். கத்துவார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திக்கொண்டார், கோயில் பிரகாரத்தில் பேசுகிற மாதிரி. "ரொம்பப் பேசிட்ட செல்வி. பரவாயில்ல, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லாத நேரம், நான் புரிஞ்சுக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். கடைசித் தட்டுல இன்னும் கொஞ்சம் எலி உசிரோட இருக்கு இல்ல? அதுகளையாவது விட்டுரும்மா. அதுவும் ஒரு ஜீவன்தானே. தெரிஞ்சே எதுக்கு இன்னும் கொல்லணும்? இன்னியோட பெரிய டோஸை நிறுத்திரு. பாவம் நமக்கு வேண்டாம்."

அந்த வார்த்தை நேராக உள்ளே போய்க் குத்தியது. நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் இந்தத் தட்டுக்கு முன்னால் குந்தும்போதெல்லாம் அவள் நினைத்ததுதான் அது. அவள் ஆசையையே எடுத்து அவளிடம் நீட்டுகிறார். நிறுத்தினால் அந்த எலிகள் பிழைக்கலாம். நிறுத்தினால் பரிசோதனை முடியாது. முடியாவிட்டால் ஜாடிகளும் இல்லை, அந்த ஈரலும் இல்லை, கை தவறின ஒரு பெண் மட்டும்தான் மிச்சம். இவர் இன்னொரு கம்பெனியைப் பிடிப்பார், இன்னொரு வீடியோ வரும், இன்னொரு வீட்டில் ஒருத்தி மூன்று கரண்டி போட்டுக் குடிப்பாள். இரக்கம் என்றால் இப்படியும் இருக்குமா? மடக்குவதற்கு இந்த மனிதருக்கு எத்தனை கை! "நிறுத்திரலாம் சார்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "விலங்குக் கமிட்டி கையெழுத்துப் போட்ட திட்டம் இது. நடுவுல நிறுத்தணும்னா காரணம் எழுதணும். பெரிய டோஸ்ல ஈரல் கெட்டு எலி சாகுது, அதனால நிறுத்துறோம்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே நிறுத்திருதேன்." அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். முதல்முறையாக அவர் கண்ணைப் பார்க்கிறாள் என்று தோன்றியது, கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக, பயந்த கண். "உன் கைடு நான்தான்ங்கிறத மறந்துறாத" என்றார். "மறக்கல சார்." கதவு அடித்துக்கொண்டது. அவர் எழுதவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் பட்டம் போயிற்று, வேலை போகலாம், போகட்டும் என்று ஒரு குரல், ஐயோ என்று ஒரு குரல். அறுத்த எலி தட்டில் திறந்தபடி கிடந்தது. அதைத் துணியில் சுற்றினாள். கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது, உலகு. எடுக்கையில் கை கூசியது. "யக்கா, கோவில்பட்டியில இருந்து போன் பண்ணாங்க" என்றாள் உலகு. "மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து விடுதாங்களாம். வெறும் வயித்துல குடிக்கணுமாம்." ஆவுடைச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு பச்சைச் சாறு. "வேண்டாம்னு சொன்னியா?" "சொன்னேன். ஏன்னு கேட்டாங்க." பின்னால் அம்மா ஏதோ சொல்லி அழுகிற சத்தம் கேட்டது. "எனக்கு வந்தது காமாலை இல்ல, சர்க்கரை, ஆறு வயசுலேருந்து தெனமும் ஊசி போடுதேன், சாவுற வரைக்கும் போடணும்னு சொல்லிட்டேன்." "என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லல. போன வச்சுட்டாங்க." உலகுவின் மூச்சு சீராகக் கேட்டது. "அம்மா என்னய அடிக்க வந்தா யக்கா. வாங்கிக்கிட்டேன்னு நெனைக்காத. கையப் பிடிச்சுட்டேன்." பிறகு சாதாரணமாக, "நீ எப்ப வருவ? பசிக்கு" என்றாள். "மதிய ஊசிய அளந்து போட்டுட்டுச் சாப்பிடு, எனக்காகக் காத்துக் கெடக்காத. பெரிய டோஸ் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வாரேன்."

கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினாள். பரிசோதனைப் பதிவேட்டில் செத்ததைச் செத்தது என்றும், தன் கை தவறியது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கடைசித் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கிடந்தன. கருணை காட்ட ஆயிரம் பேர் வருவார்கள், கருணை எவ்வளவு வசதியானது. இவற்றுக்கு அவள் கொடுக்கப் போவது விஷம். அது விஷம் என்று ஒரு காகிதம் சொல்வதற்காக, கடைசி வரைக்கும் அவள்தான் கொடுத்தாக வேண்டும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொடுப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கோபம் தணிந்துவிட்டதா என்று பார்த்தாள். தணியவில்லை, அப்படியே இருந்தது, உலை மாதிரி. அதைத் தோளுக்குக் கீழே இறங்காமல் நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான், இத்தனை வருஷப் பழக்கத்தில் அதற்கு மட்டும்தான் இப்போது வேலை. ஓரத்தில் கிடந்ததை எடுத்தாள். எடை குறைந்து கையில் இருப்பதே தெரியவில்லை. ஊசியை வாயோரமாக விட்டு, எங்கும் தட்டுகிறதா என்று காத்திருந்தாள். தட்டவில்லை. எலி விழுங்கியது. அவள் மெல்ல, மிக மெல்ல அழுத்தினாள், ஒரு சொட்டும் வீணாகாமல்.